வினையெச்சம்

லைட் தெரு நீதிமன்றம், மூன்றாம் அறை.
ஏர்கோன் காற்று நேராக என் பிடரியில்.
பதினெட்டு வருடமாக இதே நாற்காலி,
சாட்சிக்கூண்டுக்கு ஒரு கை தூரம்.
கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது,
அவன் அழுதால்
அழுகையை மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

இருதயராஜ் ஏறினான்.
ரைபிள் ரேஞ்ச் பிளாட், ஒன்பதாம் மாடிப் படிக்கட்டு.
கீழே கிடந்தவன் லாசர்,
தங்கை புருஷன்.

"நாங்க குடிச்சோம்" என்றான்.
"காமி" என்றேன், நிம்மதியாக.
அந்த ஒரு இடத்தில் தமிழும் மலாயும்
ஒரே மாதிரிக் கதவைச் சாத்துகின்றன,
கேட்பவர் வெளியே.
ஆங்கிலத்தில் குறிப்பெடுத்த வக்கீல்
'வீ' என்று எழுதினார்;
நீதிபதியையும் என்னையும் சேர்த்து
ஊற்றிக் கொடுத்ததுபோல இருந்தது.

"அவ வந்தா. அவன் அவளத் திட்டினான்."
டியா வந்தார். டியா டியாவைத் திட்டினார்.
யார் யாரை, என்று புவான் ஹஸ்லிண்டா
கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
மலாயில் அண்ணனும் தங்கையும் லாசரும்
ஒரே குடைக்குள் நிற்கிறார்கள்.
பெயர் சொல்லி ஒவ்வொருவராக வெளியே எடுத்தேன்.
ஐந்து வயதுப் பிள்ளையும் 'வந்தா' என்ற நெடிலில்
பெண்ணைக் கண்டுகொள்ளும்.
எனக்கு அரை நிமிடம் ஆனது.

"எனக்குக் கோபம் வந்துச்சு."
இதுதான் எப்போதும் என்னை மாட்டிவிடுகிற வாக்கியம்.
தமிழில் கோபம் வருகிறது,
பசி வருகிறது, தூக்கம் வருகிறது,
நாம் வாசலைத் திறந்து வைத்த பாவம்தான்.
'சாயா மாரா' என்றேன். வேறு வழியில்லை.
நான், கோபம்:
நடுவில் ஒரு வாசல்கூடக் கிடையாது.
அரசுத் தரப்பு அதன்கீழ்க் கோடு போட்டது.

பிறகுதான்
அந்த வாக்கியம்.

"நான் லாசர... இந்தக் கையால...
காலரப் புடிச்சு..."

நின்றுவிட்டான்.
உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

புடிச்சு?
புடிச்சுத் தள்ளினேனா, புடிச்சு இழுத்தேனா,
புடிச்சும் நழுவினானா?
ஆள் வந்தாயிற்று, ஆயுதம் வந்தாயிற்று,
சட்டைக் காலர்வரை வந்தாயிற்று.
தூக்கா விடுதலையா என்பது மட்டும்
இன்னும் அவன் தொண்டையில்.

மலாய்க்குக் காத்திருக்கத் தெரியாது.
'சாயா பெகாங்' என்றதும் பிடித்தல் முடிந்துவிடும்,
முற்றுப்புள்ளிகூட வைக்கலாம்.
நான் வைக்கவில்லை.
"சாயா பெகாங் கோலார் லாசர், லாலு..."

லாலு. அப்புறம்.
வக்கீல் எழுந்துவிட்டார்:
சாட்சி அப்புறம் என்று சொல்லவே இல்லை.
சொன்னான் ஐயா,
புடிச்சுவின் கடைசி உகரத்தில் சொன்னான்.
ஓர் உகரத்துக்குப் பத்து நிமிட வாதம்.
பள்ளிக்கூடத்தில் வினையெச்சத்துக்கு
இரண்டு மதிப்பெண்தான் கொடுத்தார்கள்.

"முடிந்ததா?" நீதிபதி கேட்டார்.
"பெலும்."
முடியவில்லை என்றில்லை,
முடியும், ஆனால் இன்னும் இல்லை:
நான் இத்தனையாகச் சொல்வதை
மலாய்க்காரர்கள் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள்.
பொறாமைதான்.

வியாழனுக்கு ஒத்திவைத்தார்கள்.

கேண்டீனில் குவாட் இயான்,
ஹொக்கியன் மொழிபெயர்ப்பாளர்,
தட்டை என் பக்கம் தள்ளினாள்.
"சியா பா போய்?"
சாப்பிட்டு, நிறைந்து, இன்னும் இல்லையா?
அவர்கள் கேள்வியே அந்த 'இன்னும் இல்லை'யில்தான் முடிகிறது.
மீஹூன் ஆறிக்கொண்டிருந்தது.
"உன் ஆள் என்ன சொன்னான்?"
எல்லாம் சொன்னான், என்றேன்.
வினை ஒன்றுதான் பாக்கி.
அவளுக்குப் புரியவில்லை.
வினை என்றால் செயல், வினை என்றால் பழைய கணக்கு,
இரண்டுக்கும் எங்களிடம் ஒரே சொல் என்று
எந்த மொழியில் தொடங்கிச் சொல்ல?

ஆறு மணி ஃபெரி.
பட்டர்வர்த் விளக்குகள் நெருங்குவதாக இல்லை.
வீட்டிலிருந்து அழைப்பு:
"ஏறிட்டியா? சாப்பிட்டாச்சா?"
"ஏறிட்டேன். இன்னும்..."
அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.
என் வலக்கை கம்பியைப்
பிடித்து